மழை நாளில் விழுந்த கோல்

கோவில்பட்டி மெய்யறி நிலையத்தில் காலை வரிசை வழக்கம்போல நகர்ந்தது. பழைய கையுறை, கிழிந்த பனியன், தையல் விட்ட பந்து என்று ஆளுக்கொன்று. பெட்டிக்குள் வைத்தால் பச்சை விளக்கு எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்த பொருள் பக்கத்து நொறுக்கிக்குள் போகும். அப்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

பெரிய ஆட்டங்களில் ஆடியவை என்று போலிச் சாமான்கள் பெருகி ஊரே ஏமாந்த காலத்தில் வந்த சட்டம் அது. வானத்தில் சுற்றும் ‘வான்கண்’ டிரோன்கள் எடுத்த படத்தோடு பொருள் ஒத்துப்போக வேண்டும். படம் இல்லாத ஆட்டம், நடக்காத ஆட்டம்.

சீனியம்மாள் ஹாக்கி மட்டையை வைத்தாள். செத்துப்போன ரோஸ்மேரியின் மட்டை. தீப்பெட்டி ஆபீசில் ரோஸ்மேரி குச்சிக்கு மருந்து முக்குவாள், இவள் மூட்டை தூக்குவாள். சாயங்காலம் இருவரும் ஒரே அணி, இறுதி ஆட்டம் வரைக்கும் போன அணி. பச்சை விழுந்தால் மட்டை ஊர் விளையாட்டுக் கூடத்தில் ரோஸ்மேரி பெயரோடு தொங்கும். அதற்காகத்தான் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சிவப்பு எரிந்தது.

பொருளைச் சோதித்துச் சான்று தரும் தேற்றுநர் ஞானசெல்வம் சின்ன வயசு, கெட்டவர் இல்லை. பிடியில் கந்தகம் இருக்கிறது, பொருளைப் பழசாக்கப் போலிக்காரர்கள் கந்தகப் புகை போடுவார்கள், பெட்டி அப்படி எடுத்துக்கொண்டது என்றார். சீனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்து முக்கின கையோடு மைதானத்துக்கு ஓடினவளின் மட்டையில் பிறகு சந்தனமா மணக்கும்? அவரும் மோந்து பார்த்து ஒத்துக்கொண்டார். அதைச் சரிசெய்துவிடலாம், ஆனால் இறுதி ஆட்டத்துக்குப் படமே இல்லையே என்றார்.

அன்றைக்குப் புயல். வான்கண்களை எல்லாம் தரையில் இறக்கிவிட்டார்கள். இவர்கள் மட்டும் ஆடினார்கள்.

ஒரு வழி இருக்கிறது என்று ஞானசெல்வம் குரலைத் தணித்தார். அப்படி ஓர் ஆட்டம் நடக்கவில்லை என்று கைரேகை வைத்தால், ‘வீட்டுச் சாமான்’ என்று மட்டையைத் திருப்பித் தரலாம்.

“வச்சிட்டுத் தூக்கிட்டுப் போ யக்கா,” என்றான் வரிசையில் நின்ற ஒருவன். “ரேகை என்ன தேஞ்சா போவும்?”

“மூட்டை தூக்கி அது எப்பவோ தேஞ்சுபோச்சு. இதுக்குன்னு மிச்சம் வைக்கல.”

மட்டையை எடுத்தாள். ரோஸ்மேரி சுற்றிய சைக்கிள் டியூப் இன்னும் இறுக்கமாகவே இருந்தது. அதை ஒருதரம் தடவினாள். பிறகு தானே நடந்துபோய் நொறுக்கியின் வாயில் செருகினாள். மரம் முறிகிற சத்தம் கேட்டது. அவள் முதுகு வளையவில்லை.

ஞானசெல்வம் எழுந்து நின்றுவிட்டார். “ஏம்மா, மட்டையாவது மிஞ்சியிருக்குமே?”

“அவ ஆடவே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு மட்டைய வச்சு நான் அடுப்பா எரிக்க?” அவள் அவருக்கு நேரே வந்து நின்றாள். “ரெண்டுக்கு ஒண்ணு. கடைசி கோல் ரோஸ்மேரி அடிச்சது, சேத்துல விழுந்துக்கிட்டே அடிச்சா. இப்ப ஒங்களுக்கும் தெரியும், இங்க நிக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இத எந்தப் பொட்டியில போட்டு நொறுக்குவீங்க தம்பி?”