இரண்டு சாவிக்குத்தான் இடம்

தாமோதரன் இன்னும் சாவியை நுழைக்கவே இல்லை. அதற்குள் டாஷ்போர்டில் சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்த சாவி விளக்கு அணைந்துவிட்டது. வண்டிக்குத் தெரிந்த சாவி உள்ளே வந்தால்தான் அது அணையும் என்று மெக்கானிக் கௌசர் பாய் சற்றுமுன் சொல்லியிருந்தார். தாமோதரன் தன் கைச்சாவியைப் பார்த்தார். விளக்கு மறுபடி சிமிட்டத் தொடங்கியது.

"லூஸ் கனெக்சனா இருக்கும்ணா, வுடு" என்றார் பாய்.

அது தாமோதரனின் மகன் தீனா ஓட்டிய வாடகைக் கார். போன மழையில் எண்ணூர் முகத்துவாரத்தில் பாய்ந்தது. வண்டி கிடைத்தது, பிள்ளை கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று தாமோதரன் ஒற்றைக்காலில் நின்றார். மனைவி பவுனம்மாள் இன்றுவரை ராத்திரி கதவைத் தாழிடுவதில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? வண்டி ஓடினால் பிள்ளையும் திரும்பிவிடுவான் என்று அது நம்பியது.

வண்டியின் மூளையான இசியு பெட்டி உப்புத்தண்ணீரில் செத்துப்போயிருந்தது. அதற்குப் பதிலாக, புதுப்பேட்டைக் காயலான் கடையில் உடைத்த ஏதோ ஒரு காரின் பழைய பெட்டியை பாய் மாட்டியிருந்தார்.

"யாரு வண்டியோடது பாய்?"

"யாருக்குத் தெரியும்? அதுல இருந்த பழைய சாவிங்கள அழிச்சிட்டேன். உன் சாவிய இதுக்குக் கத்துக்குடுக்கணும். ரெண்டு சாவிக்குத்தான் எடம் கீது. ரெண்டும் ஏறிச்சின்னா அப்பால எதையும் சேக்காது." சாவியை வாங்கி நுழைத்தார். வண்டியில் செருகியிருந்த ஸ்கேனர் கருவி பீப் அடித்தது. "ஒண்ணு ஏறிச்சி. தீனாவோடது எங்க?"

"அவன் பாக்கெட்டுல."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ உள்ளயே குந்து. எதுத்த கடையில டூப்ளிகேட் வாங்கினு வந்துர்றேன்."

விளக்கு வைக்கும் நேரம். திருவொற்றியூர் ஷெட்டின் தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்டியது. மணலிப் பக்கத்துக் கேஸ் நாற்றம் காற்றில் வந்தது. நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் முனகிக்கொண்டு ஊர்ந்தன. எத்தனை முறை கழுவியும் போகாத சேற்று வாடை சீட்டிலிருந்து எழுந்தது, அதற்கும் அடியில், குழந்தைகளுக்குப் போடும் பவுடர் வாசனை. அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகளே கிடையாது.

மடியில் ஸ்கேனர் இரண்டாவது சாவிக்காகக் காத்திருந்தது. தாமோதரனுக்கு அழுகை முட்டியது.

"தீனா, கீறியாடா? வா. ஒன் எடம் காலியாத்தான் கீது."

பின்கதவு திறந்தது. மூடியது. வண்டி லேசாகத் தாழ்ந்தது.

ஸ்கேனர் பீப் அடித்தது. இரண்டாவது சாவி ஏறிவிட்டது.

தாமோதரன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. நான்கு கதவும் பூட்டிக்கொண்டன.

"நைனா."

கண்ணை மூடிக்கொண்டார். வந்துவிட்டான். பின்னாலிருந்து இரண்டு கைகள் கழுத்தைக் கட்டின. ஈரம். ஜில்லென்ற ஈரம்.

சின்னக் கைகள்.

கண்ணாடி வளையல் தோளில் உரசியது. கண்ணைத் திறந்தார். சின்ன விரலில் துருப்பிடித்த ஒரு கார்ச்சாவி. அவர் வண்டியுடையது இல்லை.

"நைனா, வூட்டுக்குப் போலாமா?"

பெண் குழந்தையின் குரல். எவன் பெற்றதோ, எந்த வண்டியில் போனதோ. நான் உன் நைனா இல்லம்மா என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவ்வளவு ஆசையாக அது கட்டிக்கொண்டிருந்தது.

அப்போது பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள்.

மழையில் தீனா நின்றிருந்தான். மார்புவரை சேறு. கையில் அவன் சாவி. பொத்தானை அமுக்கினான். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு சிமிட்டியது, கதவு திறக்கவில்லை. மறுபடி அமுக்கினான்.

"நைனா, தொற." உதடு மட்டும் அசைந்தது.

தாமோதரன் கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. முழங்கையால் கண்ணாடியை இடித்தார். கழுத்தில் சின்னக் கைகள் இறுகின.

வெளியே தீனா இன்னும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான்.