அவனுக்கு மட்டும் வேறு வெயில்

பிப்ரவரி மழைக்கு ஃப்ரீமான்ட்டில் நேரங்காலம் கிடையாது. லைப்ரரி கார் பார்க்கில் அபிகாயில் காரை நிறுத்தியதும் கொட்டித் தீர்த்தது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடியவள், வாசலில் நீலக்குடையோடு வந்த ஒருவன் மேல் நேராகப் போய் மோதினாள்.

மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தாள்... அப்பப்பா, என்ன கண்கள்! பல நாள் தூக்கம் கெட்ட களைப்பு, அதற்குள்ளே ஒரு சிரிப்பு. இரண்டு விநாடி கூடுதலாகவே பார்த்துவிட்டாள். அவன் சட்டென்று குடையைச் சாய்த்தான். அவளுக்கு இல்லை... தன் கையிலிருந்த பழுப்புக் கவருக்கு.

"ஸாரிங்க... இது நனையக் கூடாது."

"அப்ப நான் நனையலாமா?"

"நீங்க காஞ்சிடுவீங்க. இது நனைஞ்சா போச்சு," என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான். திமிரைப் பார் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே சிரித்ததுதான் அவளுக்குப் புரியவில்லை.

உள்ளே கந்தசாமி அங்கிள் நடத்தும் தமிழர் போட்டோ கிளப். மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் கூடும். அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். வீட்டுக் கம்ப்யூட்டரில் படங்களை வெட்டி ஒட்டும் வித்தை அப்போதுதான் எல்லோர் கைக்கும் வந்திருந்தது. கோல்டன் கேட் பாலத்துக்கு மேலே மூன்று நிலாவை ஒட்டியவர்கூட அங்கே இருந்தார்.

அங்கிளின் சட்டம் கறாரானது. படத்தில் பேர் இருக்காது. படம் செய்தவர் வாயே திறக்கக் கூடாது. கருத்துச் சொல்கிறவர் முதலில் ஒரு நிறை சொல்ல வேண்டும், பிறகு ஒரு குறை, கடைசியில் அதைச் சரிசெய்ய ஒரு வழி. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் நம்மவர்கள் மனசு நோகுமே என்று எல்லாப் படத்துக்கும் சூப்பர் சொல்லிவிட்டு சமோசா பக்கம் நகர்ந்துவிடுவார்கள். புதிதாக வந்தவளாவது உள்ளதைச் சொல்லட்டும் என்று அங்கிள் அபிகாயிலை எழுப்பிவிட்டார்.

சன்னிவேல் கம்பெனி ஒன்றில் அவளுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. நாள் பூராவும் அடுத்தவர் புரோகிராமில் குறை கண்டுபிடிக்கிறவள் சும்மா இருப்பாளா?

பலகையில் ஒரு கல்யாண குரூப் போட்டோ இருந்தது. சர்ச் படிக்கட்டில் முப்பது பேர், முகங்கள் மிளகளவு. அவள் முகங்களைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைத்தான் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இடது பக்கத்துல இருந்து சாயங்கால வெயில் அடிக்குது. கோட் போட்ட இந்த ஒருத்தருக்கு மட்டும் நேரா ஃபிளாஷ். கால்கிட்ட நிழலே இல்ல. இவர் இந்தக் கல்யாணத்துக்கே வரலை... பார்த்த உடனே தெரியுது. இவரை எடுத்துட்டா படம் நல்லா இருக்கும்."

பின் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. திரும்பினாள்... நீலக்குடைக்காரன் கதவைத் திறந்துகொண்டிருந்தான். சட்டப்படி வாய் திறக்கவில்லை. அவளைப் பார்த்த கண்களில் அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை.

அங்கிள்தான் மெதுவாகச் சொன்னார். பேர் சைலஸ், பாளையங்கோட்டைப் பையன். கிறிஸ்மஸ் லீவில் தங்கை கல்யாணம். கிரீன் கார்டு அப்ளிகேஷன் பாதியில் இருக்கும்போது வெளியே போனால் சிக்கல் என்று லாயர் சொல்லிவிட்டதால் போக முடியவில்லை. வீட்டிலிருந்து வந்த படத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து தன்னையே ஒட்டியிருக்கிறான்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது அபிகாயிலுக்கு. அவன் படத்தை எடுத்துக்கொள்ளாமலே போயிருந்தான். நீயும் சன்னிவேல்தானேம்மா, நீயே கொடுத்துடு என்று அங்கிள் படத்தையும் போன் நம்பரையும் அவள் கையில் திணித்தார்.

அன்றைக்கே போன் பண்ணினாள். ஆன்ஸரிங் மெஷினில் அவன் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். அப்புறம் வீம்பு வந்தது. குறையைத்தானே சொன்னேன், பொய்யா சொன்னேன்? மார்ச் கூட்டத்துக்கு அவன் வரவில்லை. ஏப்ரலிலும் வரவில்லை. இரண்டு மாதமும் அவள் வாசலைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தாள். வீம்பு எப்போது ஏக்கமாக மாறியது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எல் கமினோ ரோட்டில் ஒரு நீலக்குடை போனால் கழுத்து தானாகத் திரும்பியது... அவ்வளவுதான் தெரியும்.

படம் அவளுடைய ஃபிரிட்ஜ் கதவில் குடியிருந்தது. ஒரு காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். ஒட்டின படம் என்றால் பக்கத்து ஆள் எங்கேயாவது வெட்டுப்பட்டிருக்க வேண்டுமே? இதில் யார் தோளும் மறையவில்லை, யார் சேலையும் அறுபடவில்லை. முப்பது பேர் நெருக்கியடித்து நின்ற படிக்கட்டில், அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் முதலிலேயே இருந்திருக்கிறது. வேண்டுமென்றே விட்டு நின்றிருக்கிறார்கள். வராத பிள்ளைக்காக.

காப்பி ஆறிப்போனது. அழுது முடித்துவிட்டுப் போனை எடுத்தாள். இந்த முறை பேரும் நம்பரும் சொல்லி, மெஷினிடமே பேசினாள்.

"நிறையை முதல்ல சொல்லணும், நான் சொல்லாம விட்டுட்டேன். உங்க வீட்ல உங்களுக்கு இடம் விட்டு நின்னிருக்காங்க சைலஸ். உங்க இடத்துலதான் நீங்க நிக்கிறீங்க. உங்களை எடுத்துடச் சொன்னது என் தப்பு. வெயில் மட்டும்தான் சரியில்ல... சாயங்காலத்துல, இடது பக்கம் சூரியன் இருக்கிற மாதிரி நின்னு இன்னொரு தடவை எடுங்க."

பத்து நாள் சத்தமே இல்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷினைத்தான் பார்ப்பாள். பதினோராம் நாள் சிவப்பு விளக்கு மினுக்கியது. சனிக்கிழமை, லேக் எலிசபெத், ஆறு மணி, படத்தையும் கொண்டு வாங்க. அவ்வளவுதான் சொல்லியிருந்தான். அதை ஏழு தடவை கேட்டாள்.

ஏரிக்கரையில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. காமிராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவன் காத்திருந்தான். அவள் பழைய படத்தைக் கொடுக்க, அவன் ஒரு புதுப் படத்தைக் கொடுத்தான். அதே கல்யாணம். அம்மாவுக்குப் பக்கத்தில் அவன்... இப்போது அவன் கன்னத்திலும் அதே வெயில், அவன் நிழலும் தங்கையின் நிழலும் ஒரே பக்கம் விழுந்திருந்தன. கூரியரில் ஊருக்கு அனுப்பினானாம். அம்மா போனில் வந்துட்டியேப்பா என்று மட்டும் சொன்னார்களாம்.

"கோபம் உங்க மேல இல்லைங்க," என்றான். "நான் வரலைங்கறது பார்த்த உடனே தெரியுதுன்னீங்க. மூணு வாரமா அதைத்தான் மறைக்கப் பார்த்தேன்."

பிறகு கவரிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தான். இதே ஏரிக்கரை. வலது ஓரத்தில் அவன் தனியாக நின்றிருந்தான்.

"சட்டப்படி சொல்லுங்க."

"நிறை... வெயில் சரியா இருக்கு. நிழலும் இருக்கு." அவள் விரலைப் படத்தின் மேல் நகர்த்தினாள். "குறை... பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற இடம் காலியா இருக்கு."

"தெரிஞ்சுதான் விட்டேன். சரி பண்ண வழி?"

"உங்களுக்குத்தான் ஒட்டத் தெரியுமே."

"இந்த ஒரு ஆளை ஒட்ட மாட்டேன். நேர்ல வந்து நிக்கணும்." அவன் கண்களில் அந்தச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு அபிகாயில். மழையில மோதினீங்களே... அப்பவே."

அவள் புல்லில் நடந்துபோய், படத்தில் காலியாக இருந்த அதே இடத்தில் நின்றாள். அவன் டைமரை அழுத்திவிட்டு ஓடி வந்து பக்கத்தில் நின்றான். வெயில் பக்கவாட்டில் அவள் கன்னத்தில் அடித்தது. வேலைப் பழக்கம் விடுமா?

"சூரியன் என் பக்கம் இருக்கு. என் நிழல் உங்க மேல விழுது, சைலஸ்... அது குறை."

"விழட்டும்," என்றான் அவன்.