அமாவாசை நிபந்தனை

டாக்டர் ரத்தினத்துக்கு உட்காரும்போதே மூச்சு வாங்கியது.

“வீரபத்திரன், நம்ம தரும ஆஸ்பத்திரிப் பத்திரிகையை அச்சடிக்க டெண்டர் எழுதி வச்சிருந்தேன். எந்த அச்சகத்துக்கும் இன்னும் அனுப்பலை. நேத்து மத்தியானம் அது மேசையில இருந்து காணாமப் போச்சு. இன்னிக்கு அச்சகம் வச்சிருக்கிற மதுரைக்காரன் ஒருத்தன் ஒரு நிபந்தனை விடாம ஒத்துக்கிட்டு வந்து நிக்கிறான். கூட்டுற முத்துப்பேச்சி வித்துட்டாள்னு செக்ரட்டரி அவளை வேலையை விட்டு நிறுத்தச் சொல்றாரு. பிள்ளைகளை வச்சுக்கிட்டு அவ எங்க போவா?”

போலீஸ் உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற வீரபத்திரன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவர் சிநேகிதன் சுப்புராஜ் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரி வரை பின்னாலேயே ஓடினான்.

செக்ரட்டரி நீலமேகம் சென்னையிலிருந்து வந்து மூன்று வருஷம். ஊர்ப் புழுதி செருப்பில் ஒட்டுவதையே அவமானமாக நினைக்கிற மனிதர். பார்த்ததுமே சுப்புராஜுக்கு வாய் கசந்தது.

“டெண்டரா அது?” என்று நீலமேகம் உதட்டைச் சுழித்தார். “பிரதிகள் அமாவாசைக்கு முந்தின நாள் வந்து சேர வேண்டுமாம். பஞ்சாங்கம் பார்த்துப் பத்திரிகை விடுகிற பட்டிக்காடு! டாக்டர் எழுதியதால் சும்மா இருந்தேன்.”

வாசலில் முத்துப்பேச்சி விளக்குமாற்றைக் கட்டிப்பிடித்து நின்றாள். “சாமி சத்தியமா நான் எடுக்கலைங்க.”

“இவுக சத்தியம் பண்ணிட்டா போதுமா?” என்றார் நீலமேகம் கேலியாக, அவள் பேச்சைப் போலவே இழுத்து.

வீரபத்திரன் அமைதியாகக் கேட்டார். “நேத்து மத்தியானம் நீங்க எங்க இருந்தீக?”

“நெசவாளர் தெருவில் சந்தா வசூலித்தேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம், காது அடைத்துப்போய்விட்டது. அந்த ஜனங்களுக்குக் கத்திச் சொன்னாலும் புரியாது.”

“டாக்டர், அந்த நிபந்தனையை ஏன் போட்டீக?”

“அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டாக. நெசவாளர் குடும்பம் பூராவும் அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வரும். அவுக கையில கொடுக்கத்தான் பத்திரிகை.”

சுப்புராஜ் தொடையில் தட்டினான். “ஏலே! நேத்து அமாவாசைல்ல!”

“ஆமா. தறியெல்லாம் ஓய்ஞ்சு கிடந்த நாள்ல இவருக்கு மட்டும் காது அடைச்சிருக்கு,” என்றார் வீரபத்திரன். “மூணு வருஷத்துல ஒரு நெசவாளர் வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்கும். நிபந்தனையைக் கேலி பண்ணினீகளே, ஏன்னு கேட்டீகளா? மதுரைக்காரனை எங்க பாத்தீக?”

“பாலவனத்தம் விலக்கில், சாலை பிரியும் இடத்தில்... காரில் வந்து பணம் கொடுத்து வாங்கிப் போனான்,” என்றார் நீலமேகம் தரையைப் பார்த்து.

டாக்டர் கதவைக் காட்டினார். “கிளம்புங்க. முத்துப்பேச்சி, நாளைக்கு வழக்கம்போல வந்துரு.”

நீலமேகம் உச்சி வெயிலில் பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். முத்துப்பேச்சி சுவரோரம் கிடந்த அவருடைய குடையை எடுத்தாள்.

“கொடுக்காத தாயி! அந்தப் பய வெந்து சாகட்டும்,” என்றான் சுப்புராஜ்.

“அவுகளுக்கும் வெயிலு சுடும்ல அண்ணே,” என்றவள், “ஐயா, நில்லுங்க!” என்று கூவிக்கொண்டே தெருவில் ஓடினாள்.