முன்சக்கரத்துக் காத்து

சாயங்காலம் நாலு மணிக்கு, கொட்டுகிற மழையில், தங்கச்சி வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோதுகூடச் சிக்கனம் ஹாரன் அடிக்கவில்லை. பேட்டரி செலவாகும் என்பது அவன் கொள்கை. அந்தப் பட்டப்பெயரை வைத்தது தங்கச்சியின் புருஷன்தான். கூரியர் ஆபீஸ் முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டு, இவனே சில சமயம் கையெழுத்துப் போடுமிடத்தில் 'சி' என்று ஆரம்பித்துவிட்டு அடித்துத் திருத்துவான்.

கதவு திறந்தே கிடந்தது. தங்கச்சியின் மடியில் குட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வயசு. தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சும் ஓட்டைக் குழாயில் விசில் ஊதுவதுபோல வந்தது. மருந்துப் புகை பிடிக்கிற மெஷின், காலையிலிருந்து கரண்ட் இல்லாமல், மேசைமேல் சும்மா குந்தியிருந்தது.

"ஆம்புலன்ஸ்?"

"கீழ்ப்பாலத்துல தண்ணி ஏறிடுச்சாம். சுத்தி வர ரெண்டு மணி நேரமாகுமாம். அதுவரைக்கும் இவ தாங்க மாட்டாண்ணா."

"அப்ப மலைச் சுரங்கத்து வழிதான்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தங்கச்சி அவனைப் பார்த்தாள். எட்டு மாசமாக அவர்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆள், அந்தச் சுரங்கத்தைத் தவிர்க்கத் தினமும் பதினோரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டிருந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"போலாம்," என்றாள்.

குட்டியை நடுவில் வைத்து, தங்கச்சி பின்னால் ஏறி, ஒரு மழைக்கோட்டில் மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னத் திரை மினுங்கியது. மேலே முன்சக்கரப் படம், பக்கத்தில் இரண்டு கோடு. கீழே பின்சக்கரப் படம், பக்கத்தில் 33.

அந்தத் திரைக்கு ஒரு கதை உண்டு. டயரில் காத்து குறைந்தால் கத்திச் சொல்லும் கருவி அது. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகுகிற இரண்டு சென்சார் மூடிகள், பார்க்க ஒரு திரை. ஒரு பைக்கின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு செட். சிக்கனம் விடுவானா?

"ஒரு வண்டிக்கு ரெண்டு மூடி எதுக்கு மாப்ள? என் பின்சக்கரத்துக்கு ஒண்ணு, உன் பின்சக்கரத்துக்கு ஒண்ணு. முன்சக்கரத்தக் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்துக்கலாம்."

"திரை?"

"என்கிட்ட. நீதான் எப்பவும் எனக்கு முன்னாடி பறக்கிறவனாச்சே. நீதான் முன்சக்கரம். உன் காத்த நான் பின்னாடி வந்து பாத்துக்கறேன்."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து ஒரே ரூட்டில் பார்சலோடு கிளம்பும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, "மச்சான், காத்து இருக்கா?" என்று கத்துவான். "காத்திருக்கு!" என்பான் சிக்கனம். அதுதான் அவர்களுடைய காலை வணக்கம். மூடிக்கும் திரைக்கும் நடுவே முப்பது அடி தாண்டினால் எண் மறைந்து கோடு விழுந்துவிடும். அதனால் இவன் ஒட்டியே போவான்.

சுரங்கத்துக்குள் மாப்பிள்ளையின் டயர் ரிம்மை விட்டுக் கழன்று அவன் உயிர் போன நாளிலும் சிக்கனம் ஒட்டியேதான் போனான்.

அந்த மூடி கிடைக்கவே இல்லை. எட்டு மாசமாக முன்சக்கரத்துக்கு இரண்டு கோடுதான். "அண்ணா, அன்னைக்கு அந்த மெஷின் கத்தலையா?" என்று தங்கச்சி எத்தனை முறை கேட்டாளோ, அத்தனை முறையும் சிக்கனம் ஒரே பதில் சொன்னான். "இல்லம்மா. கத்தவே இல்ல."

சுரங்கத்தின் வாயில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. கார் போகாது, பைக் நுழையும். மரத்தைத் தாண்டும்போது திரை ஒருமுறை அணைந்து எரிந்தது.

கோடுகள் இல்லை.

முன்சக்கரம்: 34. வெப்பம்: 37.

ஓடுகிற டயர் நாற்பது, ஐம்பது என்று சூடேறும். முப்பத்தேழு டயரின் சூடு இல்லை, மனுஷ உடம்பின் சூடு.

ஈரம் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கண்ணாடியில் தண்ணீர். பழைய பேட்டரி. மலிவுச் சாமான். காரணம் கண்டுபிடிப்பதில் அவன் என்றைக்கும் சிக்கனம் பார்த்ததில்லை.

உள்ளே விளக்கு ஒன்றும் இல்லை. மழைச் சத்தம் பின்னால் அறுந்துபோய், இன்ஜின் சத்தம் மட்டும் சுவரில் மோதி இரட்டையாகத் திரும்பியது. பாசி நாற்றம். அதற்கு அடியில், மெல்ல மெல்ல, கருகிய ரப்பர் நாற்றம்.

பீப்.

30.

"அண்ணா, என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. மழைத்தண்ணி."

அவன் கட்டைவிரல் தானாகவே திரைக்குப் பக்கத்திலிருந்த பொத்தானுக்குப் போனது. அமுக்கினான். சத்தம் நிற்கவில்லை.

பீப். பீப்.

26.

முதுகில் அழுந்தியிருந்த குட்டியின் நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. இல்லை. இறங்குகிறது, ஏறத் தாமதிக்கிறது.

24.

"அண்ணா, விசில் சத்தம் நின்னுபோச்சு." தங்கச்சியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இவ மூச்சு விடுறாளான்னே தெரியல. வேகமாப் போண்ணா."

ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். எண் இன்னும் வேகமாக இறங்கியது. கையைத் தளர்த்தினான். அப்போதும் இறங்கியது. யார் யாரையோ கும்பிட்டான். பெட்ரோலை இனி மிச்சம் பிடிக்கமாட்டேன் என்றுகூட வேண்டிக்கொண்டான், பாவம்.

22.

அந்த எண்ணை அவனுக்குத் தெரியும். எட்டு மாசத்துக்கு முன்னால், இதே இருட்டில், இதே எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினான். ஹாரன் அடித்திருக்கலாம். கத்தியிருக்கலாம். பார்சலுக்கு நேரமாகிவிட்டது, சுரங்கம் தாண்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். ஒரு வார்த்தையில்கூடச் சிக்கனம்.

20.

குட்டியின் தலை அவன் முதுகில் பக்கவாட்டாகச் சரிந்தது.

"அண்ணா!"

அவன் ஹாரனில் கையை வைத்து அழுத்தினான். இருட்டைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"மாப்ள! நில்லு மாப்ள! காத்து இறங்குது! பின்டயர்ல காத்து இறங்குது, நில்லுடா!"

பின்னால் தங்கச்சியின் உடம்பு அப்படியே இறுகியது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

முன்னால், முப்பது அடி தூரத்தில், ஒரு பிரேக் விளக்கு எரிந்தது.

இடது பாதி மட்டும் எரிந்தது. வலது பாதி உடைந்து, மாப்பிள்ளையின் வண்டியில் இருந்ததுபோலவே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

அது ஓரமாக ஒதுங்கி நின்றது. அதைக் கடக்கும்போது சிக்கனம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். அவன் இடுப்பைப் பிடித்திருந்த குட்டியின் சின்னக் கை ஒன்று விலகியது. பிறகு திரும்பி வந்தது, பனிக்கட்டிபோல.

பீப் சத்தம் நின்றது. குட்டி நெஞ்சு வெடிக்க ஒரு மூச்சு இழுத்தாள்.

ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் அவளுக்கு முகமூடி மாட்டி, மருந்துப் புகை வைத்து, "சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க," என்று நர்ஸ் சொன்னபோது மணி ஐந்தரை. வராந்தாவில் தங்கச்சி சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"அன்னைக்கு அது கத்துச்சா?"

"கத்துச்சு."

"நீ கேட்டியா?"

"கேட்டேன். அமுக்கிட்டேன். தாண்டிச் சொல்லிக்கலாம்னு..."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"உள்ள போய் குட்டியப் பாரு. உன்னைத்தான் கேட்கிறா. என்னைப் பாக்காத."

குட்டி முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு, மூடியிருந்த கையை நீட்டினாள்.

"மாமா, அப்பா உங்கிட்டக் குடுக்கச் சொன்னாரு."

உள்ளங்கையில் ஒரு வால்வு மூடி. கறுப்பு. விளிம்பில் ரப்பர் கருகியிருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

"வேற... வேற என்னடா சொன்னாரு?"

"இனிமே மாமா முன்னாடி போகட்டுமாம். பின்னாடி வந்து அவரு பாத்துக்குவாராம்."

சிக்கனம் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. மூடியைச் சட்டைப்பையில் போட்டான். நெஞ்சுக்கு நேராக அது கனத்தது, அவ்வளவு சின்னச் சாமான் கனக்கக்கூடாத அளவுக்கு.

குட்டியின் பழைய மருந்துச் சீட்டுகள் பைக் பெட்டியில் இருந்தன. எடுக்கக் கீழே போனான். பைக் நிறுத்துமிடத்தில் ஆள் இல்லை. மழை விட்டிருந்தது.

ஹேண்டில்பாரில் திரையைக் காணோம்.

யாரும் பிடுங்கவில்லை. பிடிப்பான் அப்படியே இருந்தது. அதன் திருகுகள் இறுக்கமாக, துருப்பிடித்து, இருந்தபடியே இருந்தன.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தான். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. ஓடாத ஆளுக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும்?

பீப்.

பின்னால். முப்பது அடி இருக்கும்.

பீப். பீப்.

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நெஞ்சுக்குள் இழுத்த காத்து பாதியில் நின்றது. சொல்லு மாப்ள, கத்து, என்று மனசுக்குள் கெஞ்சினான். நான் கத்தினேன்ல, நீயும் கத்து.

பீப். பீப். பீ...

பாதியில் நின்றது. கட்டைவிரலால் அமுக்கினால் எப்படி நிற்குமோ, அப்படி.