திறந்த வாய்கள்

அன்று பணிப்பெண் அவர் மூக்கைத் தொடுவதற்கு முன்பே கலெக்டர் வாயைத் திறந்திருந்தார்.

அவர் கலெக்டராக இருந்தவர் அல்லர். படுத்த படுக்கையிலும் அதிகாரம் குறையாததால் அந்த முதியோர் இல்லம் அவருக்கு வைத்த பெயர் அது. மற்ற நாட்களில் அவள் அவருடைய மூக்கை நெரித்து, மூச்சுக்காக வாய் பிளக்கும் நொடியில் கரண்டியைத் தொண்டைவரை செலுத்துவாள். அதற்குள் அவர், "அது மூக்குமா, காலிங் பெல் இல்ல!" என்று கத்திவிடுவார். மாடி முழுவதற்கும் பணிப்பெண் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்களுடைய இடத்தை நிரப்ப நிர்வாகம் அவசரப்படவில்லை. மூக்கைப் பிடிக்காமல் மதிய உணவை முடிக்க வழியில்லை. உதடுகள் கிழிவதுண்டு. ஒருமுறை கரண்டியோடு ஒரு பல்லும் வந்தது.

தன் அம்மாவின் மூக்கை மட்டும் அவள் பிடித்ததில்லை. அங்கே வேலை செய்வதற்குச் சலுகையாகக் கிடைத்த கடைசிக் கட்டிலில், அம்மா சில நாட்களாக உதடுகளை இறுக மூடிக் கிடந்தாள். காலையில் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார்.

"இன்னிக்கும் சாப்பிடலன்னா சாயங்காலமே கூட்டிட்டுப் போயிடு. இங்க செத்தா எனக்குத்தான் தலைவலி."

"எங்க மேடம் கூட்டிட்டுப் போவேன்? நானே இங்க மாடிப்படிக்குக் கீழதான் படுக்கறேன்."

"அதையும் நான்தான் பார்க்கணுமா?"

இப்போது மழை பகலை இருட்டாக்கியிருந்தது. மின்விசிறிகள் நின்றுபோனதால், பினாயிலின் நெடியும் நனைந்த மெத்தைகளின் நெடியும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, ஆறிக்கொண்டிருந்த மசித்த சோற்றின் வாடையோடு கலந்து, அவள் உள்ளிழுத்த ஒவ்வொரு மூச்சிலும் நாக்கில் ஒட்டின.

"என்ன கலெக்டரே, இன்னிக்கு நல்ல பிள்ளையாயிட்டீங்க?"

ஊட்டினாள். விழுங்கும் ஓசை கேட்டது, தொண்டை அசையவில்லை. வாய் மூடவுமில்லை.

அடுத்த கட்டிலிலும் வாய் திறந்தே இருந்தது. அதற்கடுத்ததிலும். தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டு முன்னேற முன்னேற, அவள் கடந்து வந்த கட்டில்களிலிருந்து, சுள்ளி ஒடிவதைப் போன்ற ஓசை ஒன்று விட்டுவிட்டு எழுந்தது. திரும்பிப் பார்த்தாள். வாய்கள் இன்னும் அகன்றுகொண்டிருந்தன. தாடைகள் மூட்டு விலகி இறங்கின. கடைவாய் கிழிந்து, இரத்தம் காதுவரை வழிந்தது. எவரும் முனகவில்லை. அத்தனை கண்களும் அவள் முகத்தை விட்டுவிட்டு அவள் கைகளையே பார்த்தன.

ஓடியிருக்கலாம். படிக்கட்டு பக்கத்தில்தான். ஆனால் அம்மா கடைசியில் இருந்தாள்.

கடைசிக்கு முந்தைய கட்டிலில் கிடந்தவள் கரண்டியைக் கவ்வினாள். இவள் இழுத்தாள். வரவில்லை. எஃகு முறிந்தது. காம்பு மட்டும் கையில் மிஞ்சியது. மீதியை அந்த வாய் அரைத்தது. பற்கள் சிதறித் தலையணையில் விழுந்தன.

கிண்ணத்தின் ஓரத்தில் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது. விரல்களால் வழித்தாள்.

"அம்மா. ஒரு வாய்மா. எனக்காக."

உதடுகள் பிரிந்தன.

எத்தனை நாட்களுக்குப் பிறகு! அவளுக்கு அழுகை வந்தது. விரல்களை உள்ளே வைத்தாள். நாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. சோற்றை வாங்கிக்கொண்டது.

பிறகு அம்மா கடித்தாள்.

எலும்பு நொறுங்கும் ஓசையை அவள் வலிக்கு முன்பே கேட்டாள். இரத்தம் அம்மாவின் கழுத்துச் சுருக்கங்களில் ஓடியது. அம்மா மென்றாள். பொறுமையாக. தொண்டை அசைந்தது. உண்மையாகவே அசைந்தது.

படிக்கட்டில் செருப்போசை. பாதியில் நின்றது.

"ஏய்! உங்கம்மா சாப்பிடறாங்களா, இல்லையா?"

அவள் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டாள். பின்னால், வரிசை முழுவதும், மெத்தைகள் அமுங்கின. வெறுங்கால்கள் தரையைத் தொட்டன. ஒன்று. இன்னொன்று. ஈரமாக.

"என்னடி, காது கேக்கலையா?"

"சாப்பிடறாங்க மேடம்."

"நல்லது. மிச்சம் வைக்காம ஊட்டிடு."

செருப்போசை இறங்கிப் போனது.

அம்மா விழுங்கி முடித்தாள். கன்னங்களில் நிறம் ஏறியிருந்தது. மகளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். மீண்டும் வாயைத் திறந்தாள். அகலமாக.

அவள் மற்றக் கையை நீட்டினாள்.