செபாஸ்தியம்மாள் வீட்டுக்கு வழி

பகல் பதினொன்றரை மணி. வடமதுரையைத் தாண்டி நாற்கரச் சாலையிலிருந்து மண்பாதையில் இறங்கிய மதியழகன், அந்த வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். பச்சை பெயின்ட் அடித்த புது வீடு. கதவில் பூட்டு. விசேஷத்துக்குக் கட்டிய வாழைமரங்கள் சருகாகி, அவிழ்க்க ஆளில்லாமல் நின்றன.

விசேஷ வீடுகளுக்கு வழிகாட்டும் வரைபடம் போட்டுக் கொடுப்பது மதியழகனின் தொழில். இணையத்தில் விலாசம் கொடுத்தால் பத்திரிகையில் அச்சிட ஒரு படம், போனில் அனுப்ப ஒரு லிங்க். அடிப்படை வரைபடம் வெளியே ஒரு கம்பெனியிடம் வாங்குவது. அதன்மேல் மண்டபத்தையும் கோயிலையும் வரைந்து, கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வதில் மட்டும் ஐயா கெட்டிக்காரர்.

நான்கு மாதத்துக்கு முன் இந்த வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கும் அவன்தான் படம் போட்டான். கம்பெனி வரைபடத்தில் வீடு சாலைக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. வீட்டுக்காரி செபாஸ்தியம்மாள் இரண்டு நாள் முன்னதாகவே போன் செய்து சொன்னாள்.

“டேட்டா எங்களோடது இல்லம்மா. நாங்க என்ன பண்றது?” என்று போனை வைத்துவிட்டான். வீட்டைக் குறிக்கும் புள்ளியைத் தள்ளி வைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

விழாவன்று விருந்தாளிகள் எதிர்ப்பக்கம் கூடி நின்று விழித்தார்கள். அவர்களைக் கூப்பிடச் சாலையைக் கடந்த செபாஸ்தியம்மாளை லாரி அடித்துக் கொன்றது.

இப்போது மூன்று நாளாக, அவன் போடும் எல்லாப் படத்திலும் புள்ளி இந்த வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருத்தினால் திரும்ப வருகிறது. கம்பெனியைக் கேட்டால் தங்கள் பக்கம் பிழையே இல்லை என்கிறார்கள். அதனால்தான் நேரில் பார்த்துவிட வந்தான்.

வெயில் கொளுத்தியது. கதவருகே மட்டும் ஈரமாய் ஒரு சில்லிப்பு. உள்ளேயிருந்து நெய்ச்சோற்று வாசனை வந்தது.

பூட்டு துருப்பிடித்திருந்தது.

போன் அடித்தது. மனைவி சத்யபிரியா. அய்யலூரில் ஒரு காதுகுத்துக்கு ஸ்கூட்டரில் கிளம்பியவள். நேற்று ராத்திரிதான் அவன் அந்தப் படத்தைத் திருத்திக் கொடுத்திருந்தான்.

“வந்து சேந்துட்டேங்க. இலை போட்டாச்சு.”

“அய்யலூர்லயா?”

“நீங்க போட்ட மேப்புல இருந்த எடந்தான். பச்சை வீடு. ஒரு அம்மா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாங்க. கை அம்புட்டுச் சில்லுனு இருக்கு.”

அவன் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

“நீங்க ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? உள்ள வாங்க.”

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

திரும்பிப் பார்த்தான். வாழைமரத்தடியில் அவளுடைய ஸ்கூட்டர் நின்றது. அவன் வந்தபோது அது அங்கே இல்லை.

கதவை உதைத்தான். அசையவில்லை. உள்ளே எவர்சில்வர் வாளி தரையில் இழுபடும் சத்தம்.

“ஏங்க…” சத்யபிரியாவின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. “இங்க வேற யாருமே இல்ல. எல்லா இலையும் காலியா கெடக்கு. என் கையை விட மாட்டேங்குறாங்க. வழி தப்பானதுக்கு யாரு பொறுப்புன்னு கேக்குறாங்க.”

அவனுக்குப் பயத்தில் அழுகையே வந்துவிட்டது. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

“நான்தாம்மா. நீங்க சொன்னீங்க, நான்தான் மாத்தல. டேட்டா மேல பழியைப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. அவளை விட்ருங்க.”

வாளிச் சத்தம் நின்றது.

பூட்டு தானாகக் கழன்று விழுந்தது.

சத்யபிரியா வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் வெறும் கூடம். தரையில் நான்கு மாதத் தூசி. அதில் அவள் காலடித் தடம்கூட இல்லை. அவளை இறுகக் கட்டிக்கொண்டான். அவள் வலது கையில் நெய் மணத்தது.

“கோவமெல்லாம் இல்லங்க,” என்றாள் தூக்கத்தில் பேசுபவளைப் போல. “ஒரு ஆளாவது வந்து சாப்ட்டதுல அவங்களுக்கு அம்புட்டுச் சந்தோசம். நம்ம வீட்டுக்கும் வாரேன்னாங்க. வழி தெரியாதுன்னாங்க. அதான்…”

“அதான்?”

“நம்ம வீட்டு மேப்பை அனுப்பிட்டேன்.”

அவன் போன் அதிர்ந்தது. லிங்க்கை யாராவது திறந்தால் வரும் வழக்கமான தகவல்தான்.

பார்த்தவர்: ஒருவர். வந்து சேர இருபத்தெட்டு நிமிடம்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருபத்தேழானது.

தன் வீட்டை மட்டும் மதியழகன் கம்பெனி வரைபடத்தை நம்பாமல், நேரில் அளந்து, இம்மி பிசகாமல் குறித்து வைத்திருந்தான்.