ஐயமானியும் எருமையும்

ஐயமானி தொண்ணூற்றொன்று காட்டியது. சிவப்பு.

"சாமி, நறுமுகை... நல்லாருக்கியா கண்ணு?" என்றது ஒலிபெருக்கியில் வந்த குரல்.

அப்பாவின் குரல்தான். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவே. ஆனாலும் நறுமுகை நாற்காலியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறந்து பதினாறு வருஷத்தில் அவள் அப்பா அவளைச் சாமி என்றும் கூப்பிட்டதில்லை, கண்ணு என்றும் கூப்பிட்டதில்லை. யார் இந்த ஆள்?

ஏற்காட்டு மலையில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளி விடுதிக்கு எந்த அழைப்பு வந்தாலும், பேசறையில் இருக்கும் ஐயமானியைத் தாண்டித்தான் வர வேண்டும். காய்ச்சலுக்கு வெப்பமானி மாதிரி, பொய்க்கு இது. மில்லில் மாவு அரைத்துத் தருவது போல யாருடைய குரலையும் யார் வேண்டுமானாலும் அரைத்துத் தரும் காலம். போன வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அப்பா குரலில் வந்த அழைப்பை நம்பிப் பேருந்து நிலையம் வரை போய்விட்டாள். போலீஸ் மீட்டுக்கொண்டு வர நான்கு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு வாங்கிய கருவி இது. குரலைத் திருடலாம், பழக்கத்தைத் திருட முடியாது என்பது அதைச் செய்தவர்களின் வாதம். பேசுகிறவர் எப்படித் தொடங்குவார், எங்கே இருமுவார், எதற்குக் கோபப்படுவார் என்று ஒவ்வோர் அழைப்பையும் கேட்டு, ஆளுக்கொரு மெய்க்குறி எழுதி வைத்திருக்கும்.

நறுமுகையின் அப்பா செங்கோடனுக்கு அது எழுதியிருந்த மெய்க்குறி, 'ஏ எரும'. தானோட்டி லாரிகள் நடுவழியில் நின்றுபோனால் போய்க் கிளப்பிவிடுகிற மெக்கானிக் அவர். தாயில்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர். பாசத்தை வெளியே காட்டக் கூச்சப்படுகிற மனுஷன். "ஏ எரும, தின்னியா? ஏ எரும, படிச்சியா?" இதற்குமேல் அவருக்குப் பேச்சு கிடையாது. விடுதியே கேட்டுச் சிரிக்கும்.

"என்ன விஷயம், சொல்லுங்க" என்றாள், அப்பா என்று சேர்க்காமல்.

"தொண்டையில ஒரு கட்டி கண்ணு. வியாழக்கெழம சேலத்துல ஆபரேஷன். அப்புறம் பேச்சு வராதுங்கறாங்க. அதுக்குள்ள ஒருக்கா உன்னப் பாத்துப் பேசிரலாம்னுதான். நாளைக்குக் கெளம்பி வர்றியா சாமி?"

ஆபரேஷன், உடனே கிளம்பி வா! பாதுகாப்பு வகுப்பின் முதல் பாடமே இதுதானே. புதிதாக ஒரு பொய்கூட யோசிக்கத் தெரியாதவன் என்று அவளுக்கு எரிச்சலே வந்தது.

"நம்ம வீட்டுப் பூனை பேரென்ன?"

"வாஷரு."

பதில் சரி. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. எவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறான், பாவி! பக்கத்தில் நின்ற அறைத் தோழி ஃபர்ஹானா, "எதுக்குடி இழுத்துட்டு இருக்கே, அமுக்கு" என்று கிசுகிசுத்தாள்.

"உன்னைய இப்பிடிக் கூப்பிடணும்னு ரொம்ப நாளா..." என்று குரல் தொடங்கும்போதே நறுமுகை சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அழைப்பு அறுந்தது. எண்ணுக்குத் தடை விழுந்தது. பதிவும் அழிந்தது. போலிக் குரலைச் சேர்த்துவைத்தால் தன் கணக்கு கெட்டுவிடும் என்று ஐயமானி சிவப்பில் எதையும் மிச்சம் வைக்காது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் விடுதிக் காப்பாளர் ஸ்டெல்லா மிஸ் அவளை மேடையேற்றி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "சந்தேகப்படத் தெரிஞ்ச பொண்ணு" என்றார். நறுமுகைக்குப் பெருமை பிடிபடவில்லை.

புதன்கிழமை மதியம் வாசல் கதவில் பொருத்தியிருந்த இன்னோர் ஐயமானி அலறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செங்கோடன் நின்றிருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு, கையில் காராபூந்திப் பொட்டலம். ஆள் பாதியாகியிருந்தார். இடது புருவத்தில் ஜாக்கி தெறித்துப் பட்ட தழும்பு. அதைப் பார்த்ததும் அவள் ஸ்டெல்லா மிஸ் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், இது எங்கப்பா மிஸ்!"

"இருக்கலாம்மா. எண்பத்தெட்டு காட்டுதே. இருபதுக்குக் கீழ வந்தாத்தான் கதவு தொறக்கும். எங்கிட்ட சாவியும் கெடையாது."

"நறுமுகை" என்றார் செங்கோடன் மெல்ல. எண்பத்தெட்டு தொண்ணூற்று நான்காயிற்று.

"ஐயோ, பேர் சொல்லாதீங்கப்பா! எப்பவும் போலத் திட்டுங்க!"

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "டாக்டரு பேசவே வேண்டாங்கறாரு. மிச்சம் இருக்கறதுல ஒருக்காவாச்சும் நல்ல வார்த்தையா..."

"கால்ல வேணா விழறேன், திட்டுங்கப்பா!"

செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார். "ஏ எரும" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்து, "தின்னியா?" என்று முடித்தார்.

ஐந்து. பச்சை. கதவு திறந்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "இப்பச் சொல்லுங்கப்பா, சாமின்னு சொல்லுங்க" என்று அழுதாள். அவர் வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது.

ஆபரேஷன் முடிந்து குரல்பெட்டி பொருத்தினார்கள். எழுத்தைத் தட்டினால் அது பேசும். அதற்குப் பழைய குரல் பதிவு வேண்டும் என்றார்கள். பதினொரு மாதத்துப் பச்சை அழைப்புகளைப் பள்ளியில் வாங்கிக் கொடுத்தாள் நறுமுகை. சாமி என்ற ஒன்றை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை தேடிப் பார்த்தாள். எங்கே இருக்கும்? அழித்தது அவள் விரல்தானே. அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

தடையை நீக்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் அழைப்பு வந்தது.

"சாமி" என்றது பெட்டி, துளிப் பிசிறில்லாமல்.

தொண்ணூற்றேழு. நறுமுகை பொத்தானைத் தொடவில்லை. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் பத்து வினாடியில் ஐயமானி தானே துண்டித்துவிடும். பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கத் தொடங்கியது. அந்தப் பக்கம் அவசர அவசரமாக எழுத்துகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏ எரும, தின்னியா?"

மூன்று. பச்சை. வாசலில் நின்று அப்பா தன் சொந்தத் தொண்டையால் சொன்னபோதுகூட அது ஐந்துதான் காட்டியிருந்தது.

"தின்னுட்டேங்கப்பா" என்றாள் நறுமுகை.